திரு நிற்பது எந்த ஊரில்?
ஒரே ரயில் பாதையில் திரும்பத் திரும்ப வரும் பழங்கதைகள்

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் புறநகர் ரயிலில் ஏறினால், அம்பத்தூர் தாண்டியதும் திருமுல்லைவாயில் வரும். ஆவடி கடந்தால் திருநின்றவூர், பிறகு புட்லூர், திருவள்ளூர். இன்னும் மேற்கே போனால் திருவாலங்காடு. இந்த ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பழங்கதை உண்டு. கோயில் வாசலிலும், திண்ணையிலும், ஏரிக்கரையிலும் பல தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்த கதைகள் அவை.

இந்தக் கதைகளைத் தனித்தனியே கேட்டால் சாமி கதை, பேய்க் கதை, ராஜா கதை என்று தோன்றும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படும். ஆள் மாறுகிறார், ஊர் மாறுகிறது, சாமியின் பெயரும் மாறுகிறது. கதையின் எலும்புக்கூடு மட்டும் அப்படியே இருக்கிறது. திருநெல்வேலியிலும் தஞ்சாவூரிலும் ஆந்திராவிலும் கடல் கடந்த நாடுகளிலும் அதே எலும்புக்கூடு கிடைக்கிறது.

ஒரே கதை ஏன் இத்தனை ஊரில் முளைக்கிறது? அதற்கான பதில் திருநின்றவூரின் பெயரிலேயே இருக்கிறது.

கோபித்துக்கொண்டு வந்த மகாலட்சுமி

திரு என்றால் மகாலட்சுமி. அவள் வைகுண்டத்தை விட்டுப் பிணங்கிக் கிளம்பி வந்து நின்ற ஊர் என்பதால் இது திருநின்றவூர் ஆனது என்கிறது இங்குள்ள பக்தவத்சலப் பெருமாள் கோயிலின் தல வரலாறு. சமாதானம் பேசக் கடலரசன் வந்தான். பாற்கடலில் பிறந்தவள் என்பதால் அவனுக்கு அவள் மகள் முறை. ஆனாலும் அவளை, "என்னைப் பெற்ற தாயே" என்று அழைத்துக் கெஞ்சினான். கோபித்துக்கொண்ட மகளைத் தகப்பன் 'என்னைப் பெத்த தாயே' என்று கொஞ்சுவது நம் வீடுகளில் இன்றும் நடப்பதுதானே. தாயாருக்கு இந்த ஊரில் 'என்னைப் பெற்ற தாயார்' என்பதே திருநாமம். கடைசியில் பெருமாளே அவளைத் தேடி வந்தார் என்று கதை முடிகிறது.

தெய்வம் கிளம்பிப் போவது, அதை நிறுத்தி வைப்பது. இது பழங்கதைகளில் மிகப் பழைய அச்சு. பூந்தமல்லிக்கு மேற்கே இருக்கும் திருமழிசையில் பிறந்தவர் திருமழிசை ஆழ்வார். அவருடைய சீடர் கணிகண்ணனைக் காஞ்சிபுரத்து அரசன் ஊரை விட்டுத் துரத்தினான். சீடனோடு ஆழ்வாரும் கிளம்பினார். ஆழ்வார் சொன்னதைக் கேட்டுப் பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். காஞ்சிபுரம் களை இழந்து போக, அரசன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டு மூவரையும் திரும்ப அழைத்துப் போனான் என்பது கதை.

கிராமத்து வழக்கங்களிலும் இந்த எண்ணம் ஊறிக் கிடக்கிறது. களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று எண்ணுவார்கள். விளக்கு வைத்த நேரத்தில் உப்பும் பணமும் வெளியே கொடுக்க மாட்டார்கள். வந்த திரு நிற்க வேண்டும் என்ற கவலைதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. மழையை நம்பி வாழ்ந்த மக்களுக்கு, ஓராண்டு வந்த விளைச்சல் மறு ஆண்டும் வருமா என்பது நித்தியக் கேள்வி. செல்வம் எந்த ஊரில் நிற்கும்? இந்த வட்டாரத்துக் கதைகள் ஒவ்வொன்றும் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொல்கிறது.

ராஜா கட்டிய கோயிலும் ஏழை கட்டிய கோயிலும்

திருநின்றவூரின் இன்னொரு கதை பூசலாருடையது. சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார். கையில் காசு இல்லை. எங்கு கேட்டும் கிடைக்கவில்லை. மனசுக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டார்; கல் சேர்த்தார்; விமானம் எழுப்பினார்; சுதை பூசினார். கிணறு எடுத்தார், மதில் கட்டினார், குளம் வெட்டினார். மனசுக்குள் கட்டும் கோயிலிலும் கிணற்றையும் குளத்தையும் விட்டுவிடவில்லை என்பது கவனிக்க வேண்டிய செய்தி. தண்ணீர் இல்லாத கோயிலை இந்த மண்ணின் மனசு நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

அதே நேரத்தில் காஞ்சியில் பல்லவ அரசன் பெரிய கற்கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தான். முந்தின இரவு சிவன் கனவில் வந்து, "நாளைக்கு நான் நின்றவூர்ப் பூசலின் கோயிலுக்குப் போகிறேன்; உன் நாளைத் தள்ளி வை" என்றார். அரசன் திருநின்றவூருக்கு வந்து கோயிலைத் தேடினான். ஊரில் யாருக்கும் தெரியவில்லை. பூசலாரைக் கண்டு கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. அரசன் தரையில் விழுந்து வணங்கினான். அந்த நினைவாக ஊரில் இருதயாலீசுவரர் கோயில் இருக்கிறது. அரசன் பெயரைக் கதை சொல்லவில்லை. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இராசசிம்மப் பல்லவன் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

இதை விரிவாக எழுதி வைத்தவர் சேக்கிழார், பெரியபுராணத்தில், 12-ஆம் நூற்றாண்டில். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். பூந்தமல்லிக்குத் தெற்கே குன்றத்தூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். சோழனிடம் அமைச்சராக இருந்தவர் எழுதிய நூலில், அரசனின் கல்லை விட ஏழையின் மனசு கனமாக நிற்கிறது.

பெரியபுராணத்திலேயே உழவர்கள் மறக்க முடியாத இன்னொரு கதை இளையான்குடி மாறனாருடையது. செல்வம் எல்லாம் போன பிறகு, மழை கொட்டும் இரவில் அடியார் ஒருவர் பசியோடு வருகிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. மாறனார் இருட்டில் வயலுக்குப் போய், அன்று பகலில் விதைத்த விதைநெல்லைக் கையால் அரித்து எடுத்து வருகிறார். மனைவி அதை வறுத்துக் குத்திச் சமைக்கிறார். விதைநெல்லை எடுப்பது என்றால் என்ன என்று விவசாயிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த பருவத்தையே எடுத்துக் கொடுப்பது அது.

தஞ்சைப் பெரிய கோயில் கட்டும்போது வேலையாட்களுக்கு மோர் ஊற்றிய கிழவியை ராஜராஜனுக்கு மேலாக வைக்கும் கதை உண்டு. திருமலைப் பக்கம் மண்ணால் பூச்செய்து சாமிக்குப் போட்ட குயவர் குருவ நம்பியின் கதை உண்டு. தொண்டைமான் சக்கரவர்த்தி போட்ட பொன் பூக்களுக்கு மேலே அந்த மண் பூக்கள் கிடந்தனவாம். பைபிளில் இரண்டு செப்புக்காசு போட்ட ஏழை விதவை வருகிறாள். மகாபாரதத்தில் தருமர் வேள்வி முடிக்கும்போது பாதி உடம்பு பொன்னான கீரி ஒன்று வந்து சிரிக்கிறது. அறுவடை முடிந்த வயலில் சிந்திய தானியத்தைப் பொறுக்கி வாழ்ந்த ஒரு குடும்பம் பட்டினி கிடந்து விருந்தாளிக்குக் கொடுத்த மாவில் புரண்டுதான் அதன் பாதி உடம்பு பொன்னானது. இந்த வேள்வியில் புரண்டு பார்த்தும் மீதி பொன்னாகவில்லை என்கிறது அது.

எல்லாம் ஒரே அச்சு. சிறியவன் கொடுத்ததும் கணக்கில் வரும் ஊரில் திரு நிற்கும் என்பது அதன் பதில். கதை சொன்னவர்களில் பெரும்பாலோர் ஏழைகள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தக் கதை ஏன் எங்கும் முளைத்தது என்பது புரியும்.

வெட்டிய இடத்தில் ரத்தம்

திருமுல்லைவாயில் கதையிலும் ஒரு தொண்டைமான் வருகிறான். குறும்பர்களோடு போர் செய்யப் போன அவனுடைய யானையின் கால் முல்லைக்கொடியில் சிக்கிக்கொண்டது. வாளால் கொடியை வெட்டினான். வெட்டிய இடத்தில் ரத்தம் கசிந்தது. விலக்கிப் பார்த்தால் சிவலிங்கம். மனம் நொந்து தன் கழுத்தையே அறுக்கப் போனவனைச் சிவன் தடுத்தார். துணைக்கு நந்தியை அனுப்பினார் என்பதால் அங்கே நந்தி சாமிக்கு முதுகு காட்டிக் கிழக்குப் பார்த்து இருக்கிறது. மாசிலாமணீசுவரரின் வெட்டுக்காயம் ஆற ஆண்டு முழுதும் சந்தனக்காப்பு சாத்துகிறார்கள். அதைக் களைவது சித்திரை மாதத்தில்தான்.

அதே ரயில் பாதையில் புட்லூரில் அங்காள பரமேசுவரி கோயில் இருக்கிறது. நிறைமாதக் கர்ப்பிணி மல்லாந்து படுத்த வடிவில் புற்றுதான் அங்கே அம்மன். அந்தக் கோயிலின் கதை ஒரு கடன்பட்ட விவசாயியின் கதை. பொன்மேனி என்ற ஏழை உழவன் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. கடன் கொடுத்தவன் அவனை அடித்து விரட்டி, யாரும் ஏர் பூட்டப் பயப்படும் பூங்காவனம் என்ற நிலத்தை உழச் சொன்னான். உழும்போது கொழு எதிலோ இடித்தது. மண்ணிலிருந்து ரத்தம் வந்தது. அங்கேதான் அம்மன் புற்றாகப் படுத்திருந்தாள். பிள்ளை வரம் கேட்டு இன்றும் பெண்கள் அங்கே கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள்.

திருவள்ளூருக்குப் பக்கத்தில் திருப்பாச்சூரில் மூங்கில் புதரை வாசி என்ற கருவியால் வெட்டியபோது ரத்தம் வந்தது. சாமியின் பெயர் வாசீசுவரர். திருநெல்வேலியில் ராமக்கோன் பால் சுமந்து போகும்போது மூங்கில் வேர் தடுக்கிக் குடம் கொட்டியது, கோடரியால் வேரை வெட்டினான், ரத்தம். நெல்லையப்பர் வந்த கதை அது.

வாள், கொழு, வாசி, கோடரி என்று கருவிகள் மாறுகின்றன. முல்லைக்கொடி, புற்று, மூங்கில் என்று இடமும் மாறுகிறது. நிகழ்ச்சி ஒன்றுதான். காட்டை அழித்துத்தான் வயல் உண்டானது. முதல் வெட்டு வெட்டியவர்களின் மனசில் இருந்த கூச்சம் இந்தக் கதையாக வந்திருக்கலாம். மிதிலையில் ஜனகர் உழுத சாலில் சீதை கிடைத்தாள் என்று ராமாயணம் சொல்கிறது. புட்லூரில் உழுத சாலில் ரத்தம் வந்தது என்று ஊர் சொல்கிறது. இரண்டிலும் மண்ணுக்குள் ஓர் உயிர் இருக்கிறது. கதை நடந்த இடத்தில் அதற்குப் பிறகு யாரும் வெட்டுவதில்லை. ஒரு புதர், ஒரு புற்று, ஒரு மரத்தோப்பு அப்படியே மிஞ்சுகிறது. நிறுத்த வேண்டிய இடத்தில் கையை நிறுத்தத் தெரிந்த ஊரில் திரு நிற்கும் என்பது இந்தக் கதைகளின் பதில்.

சொன்ன சொல்லுக்கு எழுபது உயிர்

ரயில் திருவாலங்காட்டுக்குப் போனால் பக்கத்தில் பழையனூர். நீலி கதை நடந்த ஊர். முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்ட பெண் நீலி என்ற பேயாகி, மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைத் தேடி வருகிறாள். அவன் பழையனூர் வேளாளர்களிடம் அடைக்கலம் புகுகிறான். அவளோ ஒரு கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருஷன், என்னை விட்டுவிட்டு ஓடுகிறார்" என்று பஞ்சாயத்தில் அழுகிறாள். குழந்தை அவனை அப்பா என்று கூப்பிடுகிறது. ஊர் நம்பிவிட்டது. "இவளோடு தங்கு, உன் உயிருக்கு ஏதாவது வந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் கொடுப்போம்" என்றார்கள். விடிந்து பார்த்தால் வணிகன் செத்துக் கிடந்தான். எழுபது பேரும் சொன்னபடி தீயில் இறங்கினார்கள்.

கர்நாடகத்தில் புண்யகோட்டி என்ற பசு, கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று புலியிடம் சொல்லிப் போய், சொன்னபடி திரும்பி வருகிறது. அதுவும் இதே அச்சுதான். பத்திரமும் கையெழுத்தும் இல்லாத காலத்தில் வாரம், குத்தகை, கைமாற்று, தண்ணீர் முறை எல்லாம் வாய்ச்சொல்லில் நடந்தன. சொல் தவறினால் அடுத்த நாள் யாரும் யாருக்கும் மடை திறந்துவிட மாட்டார்கள். அதனால்தான் ஊருக்கு ஊர் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள்.

ஏரிக்கரையில் யார் காவல்?

திருநின்றவூரில் ஏரி காத்த ராமர் கோயில் ஒன்று இருக்கிறது. இதே பெயரில் இன்னும் பெயர்பெற்ற கோயில் செங்கல்பட்டுக்குத் தெற்கே மதுராந்தகத்தில். அங்கே கதைக்கு ஆண்டும் ஆளும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர் லயோனல் பிளேஸ் காலம். மதுராந்தகம் ஏரி உடைந்துகொண்டே இருந்தது. 1798-இல் அடைமழை. ஏரி உடையாமல் நின்றால் தாயார் சன்னதியைக் கட்டித் தருவதாகக் கலெக்டர் சொன்னார். இரவில் கரையைப் பார்க்கப் போனவருக்கு, வில்லும் அம்புமாக இரண்டு இளைஞர்கள் கரையில் காவல் நிற்பது தெரிந்தது. ஏரி தப்பியது. சன்னதியில் துரையின் பெயரைச் சொல்லும் கல்வெட்டு இன்றும் இருக்கிறது.

ஏரிக்கரைக் கதைகளில் மிக உருக்கமானது காவல்காரன் கதை. தென்னிந்தியாவில் ஏரிக்கும் கோட்டைக்கும் பல ஊர்களில் இதைச் சொல்வார்கள். மழை இரவில் கரையைச் சுற்றிவந்த காவல்காரன் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். "நான் இந்த ஊரை விட்டுப் போகிறேன், கரை உடையப்போகிறது" என்கிறாள் அவள். "ராஜாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன், நான் திரும்பும் வரை போகாதே அம்மா" என்று கெஞ்சிச் சத்தியம் வாங்குகிறான். அரண்மனைக்கு ஓடி விஷயத்தைச் சொல்லிவிட்டு, "நான் திரும்பிப் போகக் கூடாது, என்னை இங்கேயே வெட்டிவிடுங்கள்" என்கிறான். அவன் திரும்பவில்லை. அவள் இன்னும் காத்து நிற்கிறாள். கரை உடையவில்லை.

திருநின்றவூர்ப் பெயர்க் கதையும் இதுவும் ஒன்றுதான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கிளம்பிய திருவை ஒரு காவல்காரனின் உயிர் நிறுத்தி வைக்கிறது.

'ஏரி நிறைந்தால் கரை கசியும்' என்பது பழமொழி. நிறைந்த ஏரிதான் ஆபத்தான ஏரி. நண்டு வளையும் எலிப் பொந்தும் கரையில் ஓட்டை போடும். அந்த ஓட்டையில் கசிவு தொடங்கி, மண்ணை அரித்துக்கொண்டு வந்து, விடிவதற்குள் கரையையே கொண்டுபோய்விடும். நீர்க்கட்டி, கம்புகட்டி, மடைக்காரர் என்று ஊருக்கொரு பெயரில் இருந்தவர்கள் மழை இரவில் கரையைச் சுற்றி வந்தார்கள். கலங்கலில் செத்தை அடைத்தால் எடுத்தார்கள், மதகைப் பார்த்தார்கள். காவல்காரன் கதை அவர்களுடைய கதை.

இன்று திருநின்றவூர் நகராட்சி. வயல்கள் பலவும் வீட்டு மனைகளாகிவிட்டன. ஏரிப்பாசனம் குறைந்ததோடு இரவுக் காவலும் போயிற்று. 2015-இலும் 2021-இலும் பெருமழை பெய்தபோது, சென்னைப் புறநகரில் ஏரிகளையும் வரத்துக்கால்களையும் ஒட்டி வீடு கட்டியவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்கள். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஏரி எது, கலங்கல் எது, தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல அந்தக் கதைகள் போய்ச் சேரவே இல்லை.

கதைக்கு எண் போட்டவர்கள்

ஒரே கதை பல நாட்டில் இருப்பதைப் பார்த்து அறிஞர்கள் கதைகளுக்கு எண் போட்டார்கள். பின்லாந்தின் ஆன்டி ஆர்னே 1910-இல் தொடங்கினார். அமெரிக்காவின் ஸ்டித் தாம்சன் அதை விரிவாக்கினார். ஜெர்மனியின் ஹான்ஸ்-யோர்க் உத்தர் 2004-இல் திருத்தி வெளியிட்டார். மூவர் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்துத்தான் இன்று கதை எண் சொல்கிறார்கள்.

குழந்தையைக் காத்த கீரியை, வாயில் ரத்தத்தைப் பார்த்து அவசரப்பட்டுக் கொன்ற தாயின் கதை நமக்குத் தெரியும். சிலப்பதிகாரத்திலேயே அது வருகிறது. அதன் எண் 178ஏ. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் கீரிக்குப் பதில் நாய். பாம்புக்குப் பதில் ஓநாய். அந்த நாய்க்குக் கல்லறைகூட இருக்கிறது.

உழவர் கதைகளும் பட்டியலில் உண்டு. சோம்பேறிப் பிள்ளைகளிடம், நிலத்தில் புதையல் இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாகும் தகப்பன் கதை ஒன்று. பிள்ளைகள் நிலம் முழுவதும் கொத்தினார்கள். புதையல் வரவில்லை, விளைச்சல் வந்தது. கிரேக்கத்து ஈசாப் கதைகளில் அது திராட்சைத் தோட்டம். இன்னொன்று வாரக் கதை. விளைச்சலில் பங்கு கேட்ட பூதத்திடம், "மேலே விளைவது உனக்கு, கீழே விளைவது எனக்கு" என்று சொல்லி உழவன் கிழங்கு போடுகிறான். ஏமாந்த பூதம் அடுத்த பருவம் கீழ்ப்பாதியைக் கேட்க, உழவன் கோதுமை விதைக்கிறான். ஐரோப்பாவில் பூதத்தின் இடத்தில் பிசாசோ கரடியோ வரும். நிலத்தில் இறங்காமல் பங்கு கேட்பவன் எந்த நாட்டிலும் கதையில் தோற்றுத்தான் போகிறான்.

இப்படிப் பரவியதற்கு இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று, கதை நடந்தே போனது. பஞ்சதந்திரம் 6-ஆம் நூற்றாண்டில் பாரசீகத்துக்குப் போய், 8-ஆம் நூற்றாண்டில் அரபு மொழிக்கு மாறி, அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. வணிகர்களும் யாத்திரிகர்களும் ஊர் விட்டு ஊர் வாக்கப்பட்டுப் போன பெண்களும் கதையைச் சுமந்தார்கள். இன்னொன்று, ஒரே கஷ்டம் இருக்கும் இடத்தில் ஒரே கதை தானாக முளைக்கிறது. ஏரி உடையும் பயம் இருக்கும் ஊரில் எல்லாம் ஏரி காத்த கதை இருக்கும். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

கதையைக் கேள்வியும் கேட்க வேண்டும்

பழங்கதை என்பதாலேயே எல்லாம் நியாயம் ஆகிவிடாது. ஆந்திராவின் அனந்தபுரம் மாவட்டத்தில் புக்கராயசமுத்திரம் ஏரி உடையாமல் இருக்க முசலம்மா என்ற மருமகள் உயிரைக் கொடுத்தாள் என்று கதை. கன்னடத்தில் பாகீரதி என்ற மருமகள் ஏரிக்குப் பலியாகிறாள். ருமேனியாவிலும் செர்பியாவிலும் கட்டடம் நிற்க வேண்டும் என்று அதைக் கட்டுபவனின் மனைவியைச் சுவரில் வைத்துக் கட்டுகிறார்கள். ஊருக்கு நன்மை, விலை கொடுப்பது வேறு வீட்டிலிருந்து வந்த பெண். இந்த அச்சும் திரும்பத் திரும்பத்தான் வருகிறது.

பழையனூர்க் கதையில் எழுபது பேரின் சொல் தவறாமையைப் பேசுகிறோம். கணவனால் கொல்லப்பட்ட பெண்ணுக்கு நியாயம் கிடைக்காததில்தான் அந்தக் கதை தொடங்கியது என்பதை மறந்துவிடுகிறோம். திருமுல்லைவாயிலில் குறும்பர்கள் தோற்றவர்கள். ஆடு மேய்த்தவர்கள் என்று சொல்லப்படும் அவர்களின் பக்கத்துக் கதையைக் கோயிலில் யாரும் சொல்வதில்லை. கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, "இதில் யாருக்கு நஷ்டம்?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்துச் சொல்லலாம். பிள்ளைகள் நல்ல பதில் சொல்வார்கள்.

உங்கள் ஊர்க் கதையை எழுதி வையுங்கள்

தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் 1826-இல் அச்சிட்டார். நடேச சாஸ்திரி 1880-களில் தென்னாட்டுக் கதைகளைத் தொகுத்தார். இடைசெவல் விவசாயியான கி.ராஜநாராயணன் ஊர் ஊராகக் கதை திரட்டி 'நாட்டுப்புறக் கதைக் களஞ்சியம்' கொண்டுவந்தார். இத்தனைக்குப் பிறகும் எழுதப்படாத கதைகள் ஒவ்வொரு கிராமத்திலும் மிச்சம் இருக்கின்றன. அவற்றைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு எழுபது, எண்பது வயதாகிறது. ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு செல்போனும் போதும். என்ன கேட்க வேண்டும்?

1. ஊர்ப் பெயர் எப்படி வந்தது? பழைய பெயர் வேறு ஏதாவது உண்டா?
2. ஏரி, குளம், மதகு, கலங்கலுக்குத் தனிப் பெயர் உண்டா? ஏரி எப்போதாவது உடைந்ததா? எந்த இடத்தில்?
3. வெட்டக் கூடாத மரம், உழக் கூடாத இடம், இடிக்காத புற்று எங்கே இருக்கிறது? ஏன்?
4. ஊருக்காக உயிர் விட்டவர் என்று யாரையாவது கும்பிடுகிறார்களா? அவர் யார் வீட்டுப் பிள்ளை?
5. இதே கதையை வேறு தெருவில் எப்படிச் சொல்கிறார்கள்?

சொல்பவர் சொன்னபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது, எந்த நாள் என்று குறியுங்கள். ஐந்தாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒரே கதையை இரண்டு தெருவில் இரண்டு விதமாகச் சொன்னால், ஊரின் பாதி வரலாறு அந்த வித்தியாசத்தில்தான் இருக்கும்.

இரண்டாவது, மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில் உடனடியாகவும் உதவும். ஏரி எந்த இடத்தில் உடைந்தது என்று பெரியவர் காட்டும் இடத்தில்தான் அடுத்த முறையும் கரை பலவீனமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஐப்பசி மழை தொடங்கும் முன், ஊர்ப் பெரியவர் ஒருவரையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேரையும் அழைத்துக்கொண்டு ஏரிக்கரையை ஒருமுறை சுற்றி வாருங்கள். அவர் கதையைச் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். எலிப் பொந்தும் கசிவும் கண்ணில் பட்டால் அன்றைக்கே ஊராட்சியில் சொல்லிவிடுங்கள்.